உன் பிறந்த தேதியைப் பற்றி

அன்புள்ள அமுதாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மஸ்கட்டிலிருந்து பேசியபோது கேட்ட பிறப்புச் சான்றிதழை நான் இன்னும் வாங்கவில்லை. முட்டிவலி, நன்னிலம் போக முடியவில்லை என்று சொன்னேன். முட்டிக்கு ஒன்றுமில்லை. தாலுகா ஆபீஸ் வாசல் வரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தேன். உன்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் தம்பி சென்னையில் வக்கீல் என்றும், இருபத்து நாலு வருஷத்துக்கு முன் வயதை மறைத்தாய் என்று உன்னை ஓட்டப் போட்டியிலிருந்து விலக்கிய உத்தரவை ரத்துசெய்யச் சொல்லி அவர் மூலம் மனுப் போடப் போவதாகவும் சொன்னாய். "எனக்காக இல்லப்பா. பையன் கம்ப்யூட்டர்ல என் பேரைத் தேடிப் பாத்திருக்கான். மெடல் வாங்கின செய்திக்குக் கீழயே அந்தச் செய்தியும் வருது. அம்மா, நீ ஏமாத்துனியான்னு கேக்குறான். நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றாய். பிறகு, "எனக்குன்னு இருக்கிற ஒரே சாட்சி நீங்கதாம்ப்பா" என்றாய். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மனுப் போடாதே அம்மா. அந்தச் சான்றிதழில் இருக்கும் தேதி உன்னுடையது இல்லை. உன்னை விலக்கியவர்கள் சொன்னது சரி. நீ யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவன் நான். உன்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றினேன். எனக்கு எழுபத்து மூன்று முடிந்துவிட்டது. உன் அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த விஷயம் தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். நானும் போய்விட்டால் நீ உன் ஆயுள் முழுக்க ஒரு பொய்க்காக வழக்காடிக்கொண்டிருப்பாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி. படித்த பிறகு இந்தக் கடிதத்தை வக்கீலிடம் காட்டினாலும் சரி, பத்திரிகையில் போட்டாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

உனக்குப் பிறகு எங்களுக்கு இன்னொரு பெண் பிறந்தாள். அப்போது உனக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. உன்னைப் பெற உன் அம்மா தாய்வீடான பேராவூரணிக்குப் போயிருந்தாள். இரண்டாவது பிரசவம் நம் ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்தது. அந்த நர்ஸ் ஒழுங்கானவர். மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அப்போது கிராம உதவியாளர். கிராம அதிகாரியின் பதிவேடுகளைப் பையில் போட்டுச் சுமந்து போவது என் வேலைகளில் ஒன்று. பிறப்புப் பதிவேட்டில் மாசி மாதத்து ஒரு தேதியில் அந்த வரி ஏறியது. தகப்பன் பெயர், தாய் பெயர், பெண் குழந்தை என்று எல்லாம் இருந்தது. பெயர்க் கட்டம் மட்டும் காலி. பெயர் வைத்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். பெயர் வைக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் பால் குடிக்கவில்லை, மத்தியானத்துக்குள் போய்விட்டாள். ஆற்றுப் படுகையில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தேன். இறப்பை எழுதச் சொல்லவில்லை. அவ்வளவு சின்னக் குழந்தைக்கு அந்நாளில் யாரும் எழுதச் சொன்னதில்லை. உன் பிறப்பையோ பேராவூரணியில் யாரும் பதிவே செய்யவில்லை. ஆக, சர்க்கார் கணக்கில் எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். அவள் நீ இல்லை.

உன் அம்மா அதன் பிறகு வெகுநாள் சரியாக இல்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் உன்னைப் பேராவூரணியில் மாமா வீட்டில் விட்டிருந்தோம். அங்கே தென்னந்தோப்பில் மாமா பிள்ளைகளோடு நீ ஆடிக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் போடுவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. உன்னை நாங்கள் திரும்பக் கூட்டிவந்தபோது உனக்கு ஏழு வயது. நம் ஊர்ப் பள்ளியில் ஹெட்மாஸ்டர் உன் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொன்னார். தொட்டாய். "வயசு என்னய்யா?" என்றார். "ஏழு சார்" என்றேன். "புள்ள ஈர்க்குச்சியாட்டம் இருக்கு. ஏழுன்னு போட்டா நாளைக்கு வேலைக்குப் போறப்ப ரெண்டு வருஷம் வீணாப் போயிடும். அஞ்சுன்னு போட்டுடுறேன்" என்று அவராகவே ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதினார். நானும் தலையாட்டினேன். அன்று முதல் உனக்கு ஐந்து வயது. நாங்களும் வீட்டில் அதையே சொல்லிச் சொல்லி, நீயும் நம்பி வளர்ந்தாய்.

அது வரைக்கும் நடந்ததற்கு என்னை நான் மன்னித்துக்கொள்வேன். அதற்கு மேல் நடந்ததற்கு முடியாது.

எட்டாவது படிக்கும்போது பள்ளியின் விளையாட்டு டீச்சர் நபீசா உன் ஓட்டத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். லீவுக்கு வரும்போது அவரிடம் சொல்லி உனக்கு முதல் ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிவரச் செய்தவரும் டீச்சர்தான். நீ மாவட்டப் போட்டியில் நூறும் இருநூறும் ஓடி ஜெயித்த வாரம், டீச்சர் நம் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, மாநிலப் போட்டியில பதினாலு வயசுக்குட்பட்ட பிரிவுல இவளைப் போடுறேன். முதல்ல வந்தா தஞ்சாவூர் விளையாட்டு விடுதியில எடம் கெடைக்கும். ஆனா ஸ்கூல் சர்டிபிகேட் மட்டும் பத்தாதாம், பிறப்புச் சான்றிதழ் கேக்குறாங்க. அது உங்க ஆபீஸ்லயே இருக்குமே" என்றார். உனக்கு அப்போது பதினைந்து. அந்த நிமிஷமே, "டீச்சர், புள்ளைக்கு வயசு கூட, பெரிய பிள்ளைகளோட ஓடட்டும்" என்று சொல்லியிருக்கலாம். பெரிய பிள்ளைகளோடு ஓடியிருந்தால் அந்த வருஷம் ஐந்தாவதோ ஆறாவதோ வந்திருப்பாய். அடுத்த வருஷம் முன்னேறியிருப்பாய். உன் காலில் அது இருந்தது. எனக்குத்தான் காத்திருக்கப் பொறுமை இல்லை. என் அப்பா மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றே காலம் கழித்தவர். என் மகள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வறுமையால் செய்தேன் என்று சொல்லமாட்டேன். எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஆசையால்தான் செய்தேன்.

மறுநாள் கிராம அதிகாரியிடம், "பதிவேட்டுல பாப்பா பேரைச் சேக்கணும் சார்" என்றேன். திருட்டுத்தனமாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அமுதா. அவர் பழைய புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். "இத்தனை வருஷமாவா பேரு சேக்காம வச்சிருந்த? நல்ல ஆளுய்யா நீ. என்ன பேரு?" என்றார். சொன்னேன். அவரே பேனாவைத் திறந்து காலிக் கட்டத்தில் "அமுதா" என்று எழுதினார். மை காயக் காத்திருந்தபோது சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார், "உனக்கு எத்தனை புள்ளைங்க?" நான், "ஒண்ணுதான் சார்" என்றேன்.

சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுவந்து, பள்ளியில் எழுதிய ஜூன் தேதி குத்துமதிப்பு, இதுதான் சரியானது என்று உன்னிடம் சொல்லிவிட்டு அலமாரியில் வைத்தேன். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நீ நினைத்திருப்பாய். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மாசி மாதத்தில் விழும் அந்தத் தேதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். "அந்தப் புள்ள பொறந்துச்சுன்னு சொல்றதுக்கு இந்த ஒரு வரிதான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்களா?" என்றாள். சத்தம் போடவில்லை. நான், "பெரியவளுக்காகத்தானே" என்றேன். அவள் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உன் போட்டிகளுக்கு அம்மா ஒருநாளும் வந்ததில்லை என்று உனக்கு ஒரு குறை உண்டு. "அம்மாவுக்கு நான் ஓடுறது பிடிக்கல" என்று உன் கல்யாணத்தன்றுகூடச் சொன்னாய். நீ ஓடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. மைக்கில் உன் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் படிப்பார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அதைக் காதால் கேட்க அவளால் முடியாது. அதனால்தான் வரவில்லை.

மாநிலப் போட்டியில் நீ ஜெயித்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பக்கத்தில் ஓடியவர்கள் குழந்தைகள், அமுதா. அவர்களுடைய தலை உன் தோளுக்குத்தான் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். விடுதியில் இடம் கிடைத்தது. அதன் பிறகு நாலாண்டு உன் வாழ்க்கை தஞ்சாவூரில் போனது. காலையில் மைதானம், பகலில் பள்ளி, மாலையில் மறுபடி மைதானம். கோச் கண்டிப்பானவர், உன்னைக் கசக்கிப் பிழிந்தார். நீ உழைத்ததில் பொய்யில்லை. வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு மறுபடி ஓட வருவாய் என்று கோச் என்னிடம் சொல்லியிருக்கிறார். முதன்முதலாக நீ விமானம் ஏறி வெளிநாட்டு இளையோர் போட்டிக்குப் போனபோது, நன்னிலம் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பூத்காரர் இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று மணிக்கு உன் அழைப்பு வந்தது. "அப்பா, மூணாவதுப்பா. கேக்குதா? மூணாவது" என்றாய். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். உடனே போனை வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று நீ எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். பயம்தான் காரணம். நாலாவதாக வந்த பிள்ளை எந்த நாடோ, அதன் அப்பாவும் எங்காவது ஒரு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றிவிட்டது.

மறுவருஷம் அது நடந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டிக்குக் கிளம்புவதற்கு முன், கேம்பில் எல்லோருக்கும் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். உனக்குக் காகிதத்தில் பதினேழு. எலும்பு பத்தொன்பது என்றது. பெட்டியைக் கட்டச் சொல்லித் தனியாக ரயில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வருஷம் எந்தப் போட்டியிலும் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. முந்தின வருஷம் உனக்குப் பூரண கும்பம் எடுத்த ஊர், நீ பஸ்ஸை விட்டு இறங்கியபோது வேறு பக்கம் பார்த்தது. நீ பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே வந்து என் முன்னால் உட்கார்ந்தாய். "அப்பா, நெசத்தச் சொல்லுங்க. நான் எப்பப் பொறந்தேன்?" என்று கேட்டாய். அம்மா கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது ஒரு வாய்ப்புக் கிடைத்தது. "சர்க்கார் புத்தகத்துல இருக்கிறதுதாம்மா உன் தேதி. மெஷின் தப்பு" என்றேன். நீ மூச்சை விட்டாய். "எனக்குத் தெரியும்ப்பா" என்று என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதாய். அம்மா உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். அது உனக்குத் தெரியாமல் இருவருமே பார்த்துக்கொண்டோம்.

நீ விடவில்லை. மனு மேல் மனு எழுதினாய். நபீசா டீச்சர், "எனக்குத் தெரிந்த குடும்பம், பொய் சொல்லமாட்டார்கள்" என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். உன்னைச் சென்னைக்கு நானே அழைத்துப் போனேன். நீ உள்ளே யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தபோது, உன்னைச் சோதித்த டாக்டரம்மா வராந்தாவில் என்னிடம் வந்தார். "ஐயா, அந்தப் பொண்ணு பொய் சொல்லலை. அது முகத்துலயே தெரியுது. ஆனா அது பதினேழு வயசுப் புள்ளையோட கை இல்ல. உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. ரெண்டு வருஷம்தானே, பெரியவங்க பிரிவுல ஓடட்டும்" என்றார். எவ்வளவு நல்ல பெண்மணி. நீ வெளியே வந்து, "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாய். "திமிர் பிடிச்ச பொம்பளை" என்றேன். அவரை நீ இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

தடை முடிந்து நீ மறுபடி ஓடினாய். பெரியவர்கள் பிரிவில், வயதைப் பற்றிக் கேள்வியே இல்லாத இடத்தில், நேர்மையாக ஓடினாய். ரிலே அணியில் இரண்டு தடவை வெளிநாடு போனாய். பத்திரிகைகள் உன்னைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்தப் பழைய சேதியையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டன. அதைப் படித்துப் படித்து நீ இன்னும் வெறியோடு பயிற்சி செய்தாய். எனக்கு மிகவும் வலிப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது, காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "இருபத்தெட்டுதாம்ப்பா ஆகுது எனக்கு. இந்த வயசுல மத்தவங்கல்லாம் அவங்களோட பெஸ்ட்டை ஓடுறாங்க. எனக்கு மட்டும் ஏன் காலு வரமாட்டேங்குது? நான்தான் சோம்பேறியாயிட்டேன் போல" என்றாய். உனக்கு அப்போது முப்பது நடந்துகொண்டிருந்தது. பதினைந்து வயதில் தொடங்கி அடித்துப்போட்ட கால். நான் சொல்லியிருந்தால் உடம்பைக் கேட்டு ஓடியிருப்பாய். சொல்லவில்லை. நீ பயிற்சியை இரண்டு பங்காக்கினாய். ஆசியப் போட்டிக்கான தேர்வு ஓட்டத்தில், வளைவில் திரும்பும்போது தொடைத் தசை கிழிந்தது. நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினாயாம். அத்தோடு முடிந்தது.

உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நானும் அம்மாவும் பட்டுக்கோட்டைக்குப் போனோம். கடையில் புடவைகளைப் பிரித்துப் போட்ட பெண், பெயரென்ன, எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்தது. அம்மா சொன்னாள். "ஓட்டக்காரி அமுதாவா? அவங்ககூட நான் ஓடியிருக்கேங்க, பதினாலு வயசுப் பிரிவுல. அவங்க முதல்ல, நான் ரெண்டாவது" என்றது. பிறகு, "முதல்ல வர்றவங்களுக்குத்தான் அந்த வருஷம் விடுதி. எங்க வீட்டுல அத்தோட நிறுத்திட்டாங்க. அமுதாக்கா எப்படி இருக்காங்க? பாவம், அவங்க பேர்ல வீணா ஏதோ சொன்னாங்களே" என்று கேட்டது. துளி பொறாமை இல்லை அந்த முகத்தில். உனக்கு மாம்பழ நிறம் பொருத்தமாக இருக்கும் என்று அதுவே தேர்ந்தெடுத்தது. நீ முகூர்த்தத்துக்குக் கட்டியது அந்தப் புடவைதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவளாக வாயைத் திறந்து, "இப்பவாச்சும் அமுதாகிட்ட சொல்லிடுங்க" என்றாள். கல்யாணம் முடியட்டும் என்றேன். பிறகு நீ மஸ்கட்டுக்குப் போகட்டும் என்றேன். பேரன் பிறக்கட்டும் என்றேன். அம்மாவே போய்விட்டாள்.

நேற்று தாலுகா ஆபீஸுக்குள் போய்விட்டேன். நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அங்கே இருந்த பையன் படித்துவிட்டு, "பெரியவரே, இதைக் கொடுத்தா உங்க பென்ஷனுக்கே வில்லங்கம் வரலாம். இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?" என்றான். வாங்கிக்கொண்டு ரசீது கொடு என்றேன். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் மகன் கேட்டால் அவனிடம் இதைக் காட்டு. நான் ஏமாற்றவில்லை, தாத்தாதான் ஏமாற்றினார் என்று சொல். தாத்தா என்று நினைத்து மூடி மறைக்காதே. கூத்தாநல்லூருக்குப் போய் நபீசா டீச்சரிடமும் நேரில் சொல்லப்போகிறேன். நீ இனி என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். நானாகப் போன் செய்து உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

உன் பிறப்பைப் பற்றி நம் வீட்டில் யாரும் உன்னிடம் பேசியதில்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குக் கதை மாதிரி சொல்வார்கள். நாங்கள் சொன்னால் மாதம் இடிக்கும், வருஷம் இடிக்கும் என்று வாயைக் கட்டிக்கொண்டோம். அதையாவது இப்போது சொல்கிறேன். நீ ஐப்பசியில் பிறந்தாய், அடைமழையில். தகவல் வந்தபோது நான் இங்கே பயிர் மூழ்கிய கணக்கெடுக்க அதிகாரியோடு வயல் வயலாக நின்றுகொண்டிருந்தேன். லீவு கிடைக்க இரண்டு நாள் ஆனது. பட்டுக்கோட்டையோடு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், ரோட்டில் தண்ணீர். மிச்ச தூரத்தை நடந்தும், ஒரு தேங்காய் வண்டியில் ஏறியும் போய்ச் சேர்ந்தேன். உன் அம்மா கயிற்றுக் கட்டிலில் உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நான் குனிந்து உன்னைத் தூக்கப் போனேன். "ஈரக் கையோட தூக்காதீங்க. தொடைச்சிட்டுத் தூக்குங்க" என்றாள். தோளில் கிடந்த துண்டும் நனைந்திருந்தது. அவள் தன் முந்தானையை நீட்டினாள். அதில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு உன்னை எடுத்தேன். அன்று நீ பிறந்து மூன்றாம் நாள்.

அப்பா